விலாங்கு யாருக்கு வாலைக் காட்டியது?

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் பிரதேசத்தில் ஒரு நூல் வெளியீடு நடந்தது. கூட்டம் முடிந்து, கதிரைகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு ஏழெட்டுப் பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். எங்களோடு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் இருந்தார். கவிதை எழுதுபவர், கவிதையைவிட மொழிபெயர்ப்பே அதிகம். சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் முப்பது வருடங்களாகக் கொண்டு சென்று கொண்டிருப்பவர். இரு தரப்புச் சஞ்சிகைகளிலும் அவருடைய பெயர் வரும். பேச்சுவாக்கில் ஒருவர் சொன்னார்: "ஸேர் ஒரு விலாங்கு. பாம்புக்குத் தலை, மீனுக்கு வால்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஸேரும் சிரித்தார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அதன் பின்னர் அவர் கூட்டங்களுக்கு வருவது குறைந்தது. காரணம் அந்தச் சொல்தான் என்று எவரும் சொல்லவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பழமொழி மட்டும் எனக்குள் முள்ளாகக் கிடந்தது. அதைச் சற்று விரித்துப் பார்த்தால் அதற்குள் ஒரு பாரதூரமான குற்றச்சாட்டு இருக்கிறது. விலாங்குக்குத் தன் உருவம் பிறர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பது தெரியுமாம். பாம்பு வரும்போது தலையை நீட்டி "நானும் உன் இனம்" என்கிறதாம். மீன் வரும்போது வாலை ஆட்டி அதையே மீனுக்கும் சொல்கிறதாம். பொதுத் தமிழில் இதற்கு இரட்டை வேடம் என்று பெயர். எங்கள் வீடுகளில் இதற்கு இன்னொரு சொல் உண்டு: முனாபிக்தனம். தேநீர் வேளையில் சிரித்துக்கொண்டு ஒரு மனிதரை நோக்கி நாங்கள் எறிந்தது அந்தச் சொல்லைத்தான்.

ஆகவே முதலில் அந்தப் பிராணியைப் பற்றித் தெரிந்துகொள்வோம் என்று தேடத் தொடங்கினேன். குளத்து விலாங்கை எல்லோரும் அறிவார்கள். நான் தேடியது கடலில் வாழும் பெரிய விலாங்குகளை. சிறு வயதில் கரைவலை இழுக்கும் இடத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மடிக்குள் அஞ்சாளை ஒன்று கிடந்தால் சிறுவர்களை எட்ட நிற்கச் சொல்வார்கள். ஒருவர் கட்டையால் அதன் தலையில் ஓங்கி அடிப்பார். கடித்தால் சதையைப் பிய்த்துவிடும் என்பதால் அது தேவையான அடிதான். ஆனால் அடி வாங்கிய பின்னரும் அது மணலில் கிடந்து வாயை அகலத் திறந்து திறந்து மூடும். "பார், இன்னும் சீறுது" என்பார்கள். அந்தக் காட்சி இன்றும் என் கண்ணில் இருக்கிறது.

அது சீற்றமல்ல, மூச்சு என்பதை ஐம்பது வயதுக்குப் பிறகுதான் அறிந்துகொண்டேன். சாதாரண மீனுக்குக் கன்னத்தில் அகன்ற பூமூடி உண்டு; அது அசைந்து அசைந்து தண்ணீரைப் பூக்களின் ஊடாகச் செலுத்தும். அஞ்சாளைக்கு அந்த இடத்தில் இருப்பது ஒரு சிறு வட்டத் துவாரம் மட்டுமே. ஆகவே வாயைத் திறந்து மூடித்தான் அது தண்ணீரை உள்ளே தள்ள வேண்டும். கற்பாரின் பொந்திலிருந்து தலையை நீட்டிப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் அஞ்சாளையின் படத்தைப் பயங்கரத்தின் சின்னமாக எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் அந்தப் படத்தில் அது செய்துகொண்டிருப்பது சுவாசித்தல்தான்.

அதன் உடலமைப்பு விசித்திரமானது. தோளில் செட்டை இல்லை, வயிற்றிலும் இல்லை. தோலில் செதில் கிடையாது. பதிலாகத் தடித்த தோலும் அதன்மேல் வழுவழுப்பான சளிப் படையும். முதுகுச் செட்டை தலைக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி, வாலைச் சுற்றி, வயிற்றுப் பக்கச் செட்டையோடு ஒரே நாடாவாக இணைந்துவிடும். முள்ளந்தண்டில் நூற்றுக்கும் அதிகமான என்புகள். பார்வை மட்டு; மோப்பம் கூர்மை. தலை ஒடுங்கியது என்பதால் மற்ற மீன்களைப் போல இரையை உறிஞ்சி எடுக்க இயலாது. இதற்கு இறைவன் கொடுத்திருக்கும் ஏற்பாட்டை 2007இல்தான் ரீட்டா மேத்தா, பீற்றர் வெயின்ரைட் என்ற இரு ஆய்வாளர்கள் அதிவேகக் கமராவில் பிடித்துக் காட்டினார்கள். வாயிலுள்ள தாடை இரையைக் கவ்வியதும், தொண்டைக்குள் மறைந்திருக்கும் இரண்டாவது தாடை முன்னே பாய்ந்து வந்து பற்றி உள்ளே இழுத்துச் செல்கிறது.

கொங்கர் எனப்படும் விலாங்கு வேறு வகை. அதற்கும் செதில் இல்லை. ஆனால் தோளில் செட்டை உண்டு. ஐரோப்பியக் கரைகளில் வாழும் கொங்கரே விலாங்குகளில் மிகப் பாரமானது. மூன்று மீற்றர் வரை வளரும். 1995இல் இங்கிலாந்தின் டெவன் கரையில் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று அறுபது கிலோவைத் தாண்டியது. நீளத்தில் முதன்மை பெறுவது கழிமுகச் சேற்றில் வாழும் மெலிந்த இராட்சத அஞ்சாளை. 1927இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், மரூச்சி ஆற்றில் பிடிபட்டது 3.94 மீற்றர். விலாங்கு வருணத்தில் இன்று அறியப்பட்டவை ஏறத்தாழ 1,000 இனங்கள். அவற்றில் ஏறத்தாழ 200 அஞ்சாளைகள்.

இங்கே ஒரு இடைச்செருகல். நான் படித்த காலத்து உயிரியல் நூல்களில் உயிர்களைப் பாகுபடுத்தும் படிகளுக்கு வழங்கிய பெயர்களை நினைத்துப் பாருங்கள்: கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். மனிதர்களை அடுக்கிவைக்க நாம் பயன்படுத்திய சொற்களையே மீன்களுக்கும் கொடுத்திருக்கிறோம். மீன்களுக்கு அதனால் நட்டமில்லை.

பழமொழிக்கு வருவோம். உடலமைப்பை அறிந்த பின் அது நிற்கவே முடியவில்லை. பாம்புக்குக் காட்டுவதாகச் சொல்லப்படும் தலைதான் அதன் மீன்தன்மைக்கு முதற் சாட்சி. பூக்கள் இருப்பது அங்கேதான். கடற்பாம்புக்குப் பூ இல்லை, நுரையீரல்தான். மூச்செடுக்க மேலே வந்தாக வேண்டும். மீனுக்குக் காட்டுவதாகச் சொல்லப்படும் வாலோ, மற்ற மீன்களின் வாலைப் போல இரண்டாகப் பிரியாமல் ஒடுங்கி முடிகிறது. மீன் கூட்டத்தில் சேர வால் காட்டுவதென்றால் அதைவிடப் பயனற்ற வால் வேறில்லை. தலை முதல் வால் வரை அது ஒன்றே. பாதி பாம்பு, பாதி மீன் என்ற பிளவு பார்ப்பவனின் மனதிலுள்ள இரண்டு பெட்டிகளால் வந்தது.

இதில் படிக்காதவன் மட்டும்தான் தடுமாறினான் என்று எண்ண வேண்டாம். 1758இல் லின்னேயஸ் குளத்து விலாங்கு, கொங்கர், அஞ்சாளை மூன்றையும் முரேனா என்ற ஒரே சாதிக்குள் போட்டார். அவர் அவற்றை வைத்த வருணத்தின் பெயர் அப்போடெஸ், அதாவது காலில்லாதவை. வயிற்றுச் செட்டை இல்லாதவை என்று பொருள். இருப்பதைக் கொண்டல்ல, இல்லாததைக் கொண்டு வகுத்த வகுப்பு. பிற்காலத்தில் மின் விலாங்கு எனப் பெயர் பெற்றதன் சாதியும் அதற்குள் இருந்தது. அது விலாங்கே அல்ல, கெளுத்திக்குக் கிட்டிய உறவு என்பதை இன்று அறிவோம்.

அதைவிடச் சுவையான கதை கொங்கரின் குழந்தையுடையது. வேல்ஸின் ஹோலிஹெட் பகுதியில் கண்ணாடித் தகடு போன்ற ஒரு சிறு உயிர் கிடைத்தது. இலை போலத் தட்டை, ஒளி ஊடுருவும் உடல், மிகச் சிறிய தலை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிமெலின் அதை லெப்டோசெபாலஸ் என்ற தனிச் சாதியிலேயே வைத்தார். மெல்லிய தலையுடையது என்று அர்த்தம். நூறு வருடங்கள் அது தனி மீனாகவே ஏடுகளில் இருந்தது. 1864இல் தியோடர் கில் என்பவர் இது கொங்கரின் குடம்பியாக இருக்கலாம் என்றார். 1886இல் பிரான்சின் ரொஸ்கோபில் ஈவ் டெலாஜ் அத்தகைய ஒன்றைத் தொட்டியில் வைத்துக் காத்திருந்தார். அது சுருங்கி, உருண்டு, கறுத்து, அவர் கண் முன்னே இளங் கொங்கராக மாறியது. தாயையும் பிள்ளையையும் வெவ்வேறு சாதியாக நூறு வருடம் எழுதிவைத்திருந்தோம்! எனக்குப் பிடித்தது டெலாஜின் முறை. அவர் வாதாடவில்லை. தண்ணீரை மாற்றி, பார்த்துக்கொண்டிருந்தார்.

அவசரத்துக்கும் உதாரணம் உண்டு. 1930இல் டானா என்ற டென்மார்க் ஆய்வுக் கப்பல் தென்னாபிரிக்காவுக்கு அப்பால் 184 சென்ரிமீற்றர் நீளமான குடம்பி ஒன்றைப் பிடித்தது. கொங்கரின் குடம்பி ஒரு சாண்கூட இராது. அதுவே இரண்டு மூன்று மீற்றராக வளருமென்றால் இது வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும்? கடலாடிகள் சொல்லி வந்த இராட்சதக் கடற்சர்ப்பம் கிடைத்துவிட்டது என்று பலர் கணக்குப் போட்டார்கள். நாற்பது வருடங்களின் பின், 1970இல், டேவிட் ஸ்மித் இத்தகைய பெருங் குடம்பிகள் முள்விலாங்கு எனப்படும் வேறொரு ஆழ்கடல் மீன்வகைக்கு உரியவை என்றும், அவை உருமாறிய பின் பெரிதாக வளர்வதில்லை என்றும் காட்டினார். சர்ப்பம் கரைந்துபோயிற்று.

இதற்கிடையே 1966இல் கிரீன்வூட் முதலான நால்வர் மீன்களின் பாகுபாட்டை மீளாய்வு செய்தபோது அந்தக் கண்ணாடி இலைக் குடம்பியையே உறவின் அடையாளமாகக் கொண்டார்கள். அதன்படி விலாங்கின் நெருங்கிய உறவினர் யார் தெரியுமா? பெரிய வெள்ளிச் செதில்களும் கவட்டு வாலும் கொண்ட டார்பன் மீன். மீன் என்று சொன்னதும் ஒரு குழந்தை வரையும் உருவம் அது. வளர்ந்த பின் ஒன்றுக்கொன்று துளியும் ஒப்பில்லாதவை, குழந்தைப் பருவத்தில் ஒரே முகம் கொண்டவை. உருவத்தைக் கொண்டு வகுப்பதிலிருந்து வம்சத்தைக் கொண்டு வகுப்பதற்கு விஞ்ஞானம் நகர்ந்தது இப்படித்தான்.

நமது மரபிலும் இதே கேள்வி வேறொரு வாசலால் வந்தது: இதைச் சாப்பிடலாமா? லேவியராகமம் செட்டையும் செதிலும் உள்ளதையே அனுமதிக்கிறது. ஆகவே யூதர்கள் விலாங்கை உண்பதில்லை. அறபியில் ஜிர்ரி, ஜிர்ரீஸ் என்று வழங்கும் மீனை யூதர்கள் உண்பதில்லை, நாம் உண்கிறோம் என்ற கருத்தில் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் கூற்று ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஷீஆ இமாமிய்யாச் சட்டமோ செதிலின்மையைக் காரணம் காட்டி அதைத் தடுக்கிறது. கடலில் மீனை மட்டுமே அனுமதிக்கும் ஹனபி மத்ஹபின் ஹிதாயா, ஜிர்ரீஸையும் மார்மாஹியையும் பெயர் குறித்து ஆகுமாக்குகிறது. மார்மாஹி பாரசீகச் சொல். பாம்புமீன் என்பதே அதன் நேர்ப் பொருள். பெயரிலேயே பாம்பு இருந்தும் இமாம்கள் அதை மீனென்று கண்டார்கள். எங்கள் ஷாபிஈ மத்ஹபிலோ கடல்வாழ் உயிர்கள் பற்றி மூன்று கருத்துகள் இருந்தன. எல்லாம் ஆகும் என்பது ஒன்று. மீன் மட்டும் என்பது இன்னொன்று. தரையில் அதை ஒத்த பிராணி உண்ணத் தகுந்ததென்றால் மட்டுமே கடலிலுள்ளதும் ஆகும் என்பது மூன்றாவது. அந்த மூன்றாவது கருத்தின்படி விலாங்கு தன் சாயலுக்காகவே பாம்போடு போயிருக்கும். மத்ஹபில் நிலைபெற்றது முதலாவது கருத்து. ஷாபிஈ அறிஞரான தமீரி, பதினான்காம் நூற்றாண்டில் எழுதிய 'ஹயாதுல் ஹயவான்' நூலில் ஜிர்ரீஸைப் பாம்பை ஒத்த மீன் என்றே எழுதுகிறார். ஒப்புமை வேறு, ஒன்றாயிருத்தல் வேறு என்ற தெளிவு அந்தச் சிறு சொற்றொடரில் இருக்கிறது.

(ஜிர்ரி என்ற சொல் எங்கும் விலாங்கைக் குறிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஈராக்கில் அது கெளுத்தி வகை மீனின் பெயர். ஒரு பெயருக்குப் பின்னால் இரண்டு மீன்கள். சட்ட நூல்களை வாசிக்கும்போது இந்தச் சிக்கல் உடன் வரும்.)

இந்தக் கருத்து வேறுபாடுகளை வாசித்துக்கொண்டு போனபோது என்னை நிறுத்திய விடயம் ஒன்று உண்டு. ஹராம், ஹலால் என்ற தீர்ப்பு எதன்மீது விழுகிறது? உஸூலுல் பிக்ஹ் படித்தவர்கள் அறிவார்கள்: ஹுக்மு என்பது முகல்லபான மனிதனின் செயலோடு தொடர்புடையது. விலாங்கு ஹராம் என்று ஒருவர் சொன்னால், நான் அதை உண்பது தடை என்பதே அதன் பொருள். விலாங்கு கெட்டது என்றோ அதற்குள் கபடம் உண்டு என்றோ எந்த இமாமும் சொல்லவில்லை. எதிரெதிராகத் தீர்ப்பளித்தவர்களும் அந்தப் பிராணியின் குணத்தின்மீது கை வைக்கவில்லை. ஆனால் மக்கள் வாய் அப்படியிருக்கவில்லை. ஜிர்ரி ஒரு காலத்தில் மனிதக் கூட்டமாக இருந்து சபிக்கப்பட்டு உருமாறியது என்று சிலர் சொல்வதை ஜாஹிழ் தம் நூலில் குறிப்பிடுகிறார். வகுக்க முடியாத ஒன்றைக் கண்டால் அதன் வரலாற்றில் ஒரு குற்றத்தைத் தேடுவது நம் பழைய வழக்கம்.

பாகுபடுத்துவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கடலுக்குப் போகிறவனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. வலையில் கிடப்பது விலாங்கா, நச்சுக் கடற்பாம்பா என்பதைக் கண நேரத்தில் பிரித்தறிய வேண்டும். பெரிய அஞ்சாளையின் இறைச்சியில் சிகுவற்றெரா என்ற நஞ்சு சேர்ந்திருக்கலாம், சமைத்தாலும் போகாது. இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் எல்லாம் ஒன்றே என்று சமத்துவம் பேசினால் வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். உண்மையிலேயே பாம்பு வேடம் போட்ட விலாங்கும் உண்டு: கறுப்பு வெள்ளைப் பட்டிகளோடு நச்சுக் கடற்பாம்பை அச்சொட்டாக ஒத்த ஒன்று நமது சமுத்திரத்தில் வாழ்கிறது. அதன் வேடத்தால் அது தப்பிப் பிழைக்கிறது. அதையாவது முனாபிக் என்று சொல்லலாமா? நயவஞ்சகத்துக்கு நிய்யத் வேண்டும். அந்தப் பட்டிகளை அது தேர்ந்தெடுக்கவில்லை.

இவ்வளவும் எழுதிய பின்னர்தான் என் வாதத்திலுள்ள ஓட்டை எனக்குத் தெரிந்தது. விலாங்கை நிரபராதி என்று நிறுவியதால் ஸேர் நிரபராதி ஆகிவிடமாட்டார். அவர் மனிதர், அவருக்கு நிய்யத் உண்டு. ஒருவர் இரு தரப்புக்கும் இரு முகம் காட்டுவது உலகில் நடக்காத காரியமல்ல. அப்படியானால் அதை எப்படி அறிவது? அவர் எந்தப் பெட்டிக்குள் அடங்குகிறார் என்று பார்த்து அறிய முடியாது. இந்த ஆளிடம் என்ன சொன்னார், அந்த ஆளிடம் என்ன சொன்னார் என்று பார்க்க வேண்டும். நாங்கள் எவரும் பார்க்கவில்லை. இரு பக்கத்திலும் அவர் பெயர் வருகிறது என்பதே எங்களுக்குப் போதுமான சாட்சியாக இருந்தது.

வெட்கத்தோடு சொல்கிறேன், அதன் பின்னர்தான் பழைய இதழ்களைத் தூசி தட்டி எடுத்தேன். என் சிங்களம் அவ்வளவு போதாது. ஒரு நண்பரை அருகில் வைத்துக்கொண்டு வாசித்தேன். ஸேர் தமிழ் வாசகருக்குக் கொண்டுவந்தவை பெரும்பாலும் தமிழ் வாசகர் கேட்க விரும்பாத துயரங்கள். சிங்கள வாசகருக்குக் கொண்டுபோனவை அவர்கள் கேட்க விரும்பாதவை. பாம்புக்குத் தலை காட்டுகிறவர் செய்கிற வேலை அதுவல்ல. அவருடைய சொந்தக் கவிதை ஒன்று இரு மொழியிலும் இருந்தது. வரிக்கு வரி ஒப்பிட்டோம். எங்கும் எதுவும் மழுப்பப்படவில்லை.

போன நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனவன், முன் விறாந்தையில் உட்கார்ந்ததும் விலாங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். கண்ணாடிக் குடம்பியை, ரொஸ்கோப் தொட்டியை, மார்மாஹியை, கரைவலையில் நான் பார்த்த அஞ்சாளையை எல்லாம் சொன்னேன். ஏன் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. வட்டிலப்பத் துண்டு ஒன்றை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கேள்விதான் கேட்டார்:

"அப்ப தம்பி, வாயை மூடிக்கொண்டு அதால மூச்செடுக்க ஏலாதா?"

"ஏலாது ஸேர்."

"ம்" என்றார். பிறகு உள்ளே திரும்பித் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.